பேச்சிமுத்துவின் வசனம்

ஜனவரி 4, 2010, திங்கள்

ஷமீமா சொல்லி இந்த நோட்டை வாங்கினேன். அத்தானுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வருகிற பெண். "என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, எதுக்குக் கோவப்பட்டாங்க, எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா நமக்கே தெம்பா இருக்கும்" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளை நாட்குறிப்பு எழுதச் சொன்னவள் நான். இப்போது எனக்கு வீட்டுப்பாடம்.

காலை: இரண்டு இட்லி. இடது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டார். மாத்திரை ஐந்து. தெருமுனை வரை நடந்தார், வலது கால் கொஞ்சம் இழுக்கிறது.

பேசியது: "சரி."

டிசம்பர் பதினொன்றாம் தேதி குளித்துவிட்டு வந்தவர் வேட்டியைக் கட்டத் தெரியாமல் நின்றார். என்ன அத்தான் என்றேன். "சரி" என்றார். பக்கவாதம். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, வாசலுக்கு வர வழி தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

ஜனவரி 6, புதன்

இட்லி. சரி. மாத்திரை. சரி. எங்கள் மகள் மதி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். போனைக் காதில் வைத்ததும் சரி.

ஜனவரி 9, சனி

ஷமீமா இன்று ஒன்று சொன்னாள். "டீச்சர், நீங்க கவனிக்கலியா? அவங்க சொல்ற சரி ஒண்ணுபோல ஒண்ணு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ராகம் இருக்கு. ரேடியோல நடிச்சவங்களாமே? அந்த கேசட் எதுவும் இருந்தா போட்டுக் காட்டுங்க. அவங்க குரல அவங்களே கேட்கட்டும்."

இருக்கிறது. "தெருத் தண்ணீர்" தொடரின் கேசட்டுகள். 1987இல் ஐம்பத்திரண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒலிபரப்பானது. எழுதியது நான். நகராட்சியில் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற பேச்சிமுத்துவாக நடித்தது அத்தான். வேலையும் அவருக்கு அதுதான், நகராட்சியில் தண்ணீர் திறக்கிறவர். முதல் வாரம் நடிக்க வேண்டியவர் வரவில்லை. என் பிரதியைக் கொடுக்கத் துணைக்கு வந்திருந்த அத்தானை, சைக்கிளில் மாட்டியிருந்த வால்வு சாவியோடு உள்ளே இழுத்துப்போய் மைக் முன்னால் நிறுத்தினார் தயாரிப்பாளர். அன்று தொடங்கியது.

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தேன். கேசட்டுகள் வரிசையாக இருந்தன. அடியில் பழைய சேலைத்துணியில் கட்டி, நாடகப் பிரதிகளின் கார்பன் நகல் அத்தனையும். ஒரு பக்கம்கூடச் சேதமில்லை.

டேப் ரிக்கார்டர் ஓடவில்லை. கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மேஜையில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே பெல்ட் இற்றுப்போயிருந்தது. மருந்துக் கவரைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை இரண்டாக மடக்கி, ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டிருந்தார். ஓடியது. கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, பேச்சிமுத்துவுக்கு இருபது வயது குறைந்ததுபோல.

ஜனவரி 15, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மத்தியானம் கிரகணம் என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து முதல் ஐந்து பகுதிகளையும் கேட்டோம்.

தொடர் தொடங்குகிற ஓசை வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காலியான பித்தளைக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் கணகணவென்று, பிறகு தடித்து, கடைசியில் விளிம்பைத் தொடும்போது ஒரு மூச்சு வாங்கல். ஸ்டுடியோவில் அதற்காக எங்கள் வீட்டுக் குடத்தைத்தான் கொண்டுபோனோம். சத்தம் சரியாக வரவில்லை என்று அத்தான் குடத்தின் அடியில் ஈரத் துண்டை மடித்து வைத்தார். பிறகு வந்தது.

பாளையங்கோட்டையில் அந்த வருஷம் ஞாயிறு ஒன்பதரைக்குத் தெருக்குழாயில் சண்டையே இருக்காது. குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்பார்கள். சந்தைக்குப் போனால் "டீச்சர், பேச்சிமுத்துவ எஞ்சினியர் வேலைய விட்டுத் தூக்கிருவானா?" என்று கேட்பார்கள். என் பேச்சிமுத்து. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ஊரே மடையன் என்று நினைக்கிறவன், ஊரின் தாகமெல்லாம் அவன் கையிலிருக்கிற சாவியில்.

ஐந்தாம் பகுதியில் அத்தான் கை தட்டினார். இடது கையால் தொடையில்.

பேசியது: "சரி." மூன்று விதமாக.

ஜனவரி 19, செவ்வாய்

விருந்தாள் வந்தாள். ஜெபராணி, ஒரு கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளர், நாற்பது வயதுக்குள் இருக்கும். சமாதானபுரத்தில் வளர்ந்தவளாம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் தொடரை ஒரு வாரம் விடாமல் கேட்டிருக்கிறாள். ஆராய்ச்சிக்குப் பேச்சிமுத்துவை எடுத்திருக்கிறாள்.

கொண்டுவந்த அட்டையை விரித்தாள். எட்டுக் கட்டம். அறிவு ஒன்றல்ல, பல வகை என்று ஒரு கொள்கையாம். சொல்லில் வல்லமை ஒன்று, கணக்கில் ஒன்று, இசையில், இடத்தை மனத்தில் வரைவதில், உடம்பால் செய்வதில், செடிகொடிகளை அறிவதில், பிறரைப் புரிந்துகொள்வதில், தன்னைப் புரிந்துகொள்வதில்.

"நாங்க வகுப்புல இத மண்டைய உடச்சுப் பாடம் எடுக்கோம் டீச்சர். பேச்சிமுத்து எல்லாத்தையும் போற போக்குல செய்திட்டுப் போறான். பூமிக்கு அடியில பைப்பு எப்படி வளைஞ்சு போகுதுன்னு கரித்துண்டால தரையில வரையுதான். முதல் வீட்டுக் குடம் நெறைய எத்தன எண்ணணும், கடைசி வீட்டுக் குடத்துக்கு எத்தன எண்ணணும்னு சொல்லி எஞ்சினியரோட கணக்கையே திருத்துதான். அந்தக் காலத்துல நீங்க இதையெல்லாம் எப்படி யோசிச்சிய?"

"ஆசிரியத் தொழில்தான் காரணம். மக்காகத் தெரிகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

"யாரையாவது மனசுல வச்சு எழுதினீங்களா?"

"இல்லை. முழுக்கக் கற்பனை."

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "சரி" என்றார்.

ஜெபராணிக்கு நாடகப் பிரதிகள் வேண்டுமாம். வானொலி நிலையத்தில் வாங்கிய கேசட்டோடு ஒப்பிட வேண்டும், பிறகு மதுரைப் பதிப்பகம் ஒன்றின் மூலம் புத்தகமாகவும் கொண்டுவரலாம் என்றாள். கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது. கேசட்டுகளைக் கேட்டே எழுதிக்கொள்கிறேன் என்று கிளம்பினாள்.

இரவு உணவு: கோதுமைக் கஞ்சி.

ஜனவரி 20, புதன்

டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். பரணில் இருந்தால் கரையான் வரும்.

ஜனவரி 25, திங்கள்

தினமும் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை கேசட் நேரம். ஷமீமா வந்தாலும் கூட உட்கார்ந்து கேட்கிறாள். இன்று அவளுக்காக மறுபடி ஏழாம் பகுதி. இரண்டு தெருக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று அடித்துக்கொள்கிற இடம். பேச்சிமுத்து எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுக் குழாயில் காதை வைக்கிறான். கேசட்டில் எட்டு விநாடி ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவில் எட்டு விநாடி மௌனம் என்பது ரொம்பப் பெரிது. பிறகு அத்தானுடைய குரல்.

"தண்ணி ஓடுனா ஒரு சத்தம், ஒழுகுனா ஒரு சத்தம். இது ஒழுகுது. அந்த வேப்ப மரத்து வேரு பைப்பக் கட்டிப்பிடிச்சிருக்கு. மரத்த வெட்டாதிய. அதுக்குந்தான தாகம்."

ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி எழுதியிருக்கீங்க டீச்சர்!"

நடிக்கிறவர்கள் சில இடங்களில் வாய்க்குத் தோதாகக் கொஞ்சம் மாற்றிச் சொல்வதுண்டு. அதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பிற்பகல் அத்தான் குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். விழுந்துவிடப் போகிறார் என்று ஓடினேன். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரி" என்று அதட்டினார். பிளம்பரை வரவழைத்து அந்த இடத்தில் கொத்தச் சொன்னேன். உள்ளே குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. பிளம்பர் அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிப்ரவரி 1, திங்கள்

ஜெபராணி வந்தாள். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் எழுந்துபோய் மருந்து டப்பாவைத் துழாவி, ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அவளுடைய குதிகாலைக் காட்டினார். புதுச் செருப்பு கடித்து ரத்தம் கசிந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை.

"பேச்சிமுத்துவேதான்" என்று அவள் சிரித்தாள். பிறகு அவளுக்குப் பிடித்த பகுதியைச் சொன்னாள். இருபத்து மூன்றாம் பகுதி. தெருவில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, பேச்சிமுத்து வால்வைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறான். "அந்த வீட்டுக் கொடம் இன்னைக்கு வரிசையில இல்ல" என்று மட்டும் சொல்கிறான். தனியாக இருக்கிற பெண் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறாள்.

"பிறரைப் புரிஞ்சுக்கிறதுக்கு இதவிட உதாரணம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல டீச்சர்" என்றாள். பிறகு அட்டையை எடுத்தாள். ஏழு கட்டம் நிரம்பியிருந்தது. எட்டாவது காலி.

"ஒண்ணு மட்டும் கிடைக்கல. ஐம்பத்திரண்டு வாரத்துல பேச்சிமுத்து தன்னப் பத்தி ஒரு தடவகூடப் பேசல. அவனுக்கு என்ன வருத்தம், என்ன ஆசை, ஒண்ணுமே தெரியல. அத வேணும்னே விட்டீங்களா?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். பால் வைத்திருக்கவில்லை. வைத்தேன்.

பிப்ரவரி 3, புதன்

நாற்பதாம் பகுதி வரை கேட்டாயிற்று. அடுத்து நாற்பத்திரண்டைப் போட்டேன். அத்தான் என்னைப் பார்த்தார். 

பிப்ரவரி 7, ஞாயிறு

இந்த நோட்டை ஷமீமா வாங்கிப் பார்ப்பதில்லை. நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அதனால் எழுதலாம்.

கரையான் அரிக்கவில்லை. மத்தியானம் அத்தான் தூங்கும்போது பிரதிகளைப் பிரித்தேன். நீலக் கார்பன் எழுத்து அப்படியே இருக்கிறது. ஏழாம் பகுதி, பக்கம் ஆறு. தெருக்காரர்கள் சண்டை என் கையெழுத்தில் முழுசாக இருக்கிறது. அதன்கீழே, "பேச்சிமுத்து: (குழாயில் காது வைத்து. அத்தான் சொல்வார்.)" அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் பகுதி, "பேச்சிமுத்து: (ஏன் ஓடுகிறான்? அத்தானிடம் கேட்க.)" பன்னிரண்டாம் பகுதி, "பேச்சிமுத்து: (கணக்கு. அத்தான்.)"

பக்கத்துக்குப் பக்கம் அடைப்புக்குறி. தலைமையாசிரியர் பேசுவது என்னுடையது. எஞ்சினியர் பேசுவது என்னுடையது. தெருப் பெண்களின் சண்டை என்னுடையது, அது நன்றாகவே இருக்கிறது. பேச்சிமுத்து வாயைத் திறக்கிற இடத்தில் மட்டும் நான் இல்லை.

மறந்துபோயிருந்தேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

எனக்கு அவர் அத்தை மகன். பி.ஏ. தமிழ் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை, ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவருக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களின் வீட்டுக்காரர்கள் பேங்க், கோர்ட்டு என்று இருந்தார்கள். கேட்டால் "முனிசிபாலிட்டியில" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். வானொலிக்கு எழுதத் தொடங்கியபோது எனக்குத் தெரு தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவும்போது கேட்பேன். "அத்தான், இன்னைக்கு என்ன நடந்துச்சு?" முதலில் தயங்குவார். பிறகு சொல்லத் தொடங்கினால் அந்த முற்றம் முழுக்கத் தெருவாகிவிடும். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியது அந்தச் சனிக்கிழமைகளில்தான். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவரிடம் சொன்னதில்லை.

மறு வருஷம் சென்னையில் ஒரு இலக்கியச் சங்கம் தொடருக்குப் பரிசு கொடுத்தது. "பேச்சிமுத்து என் கற்பனைக் குழந்தை" என்று மேடையில் சொன்னேன். அத்தான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேடயத்தைத் திருநெல்வேலி வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், கண்ணாடி உடைந்துவிடக் கூடாதென்று.

பிப்ரவரி 8, திங்கள்

நாற்பத்தொன்று.

எஞ்சினியரின் மனைவி பேச்சிமுத்துவிடம் "உனக்குக் கல்யாணம் ஆயிட்டாப்பா?" என்று கேட்கிறாள். பிரதியில், "பேச்சிமுத்து: (அத்தான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார்.)"

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளரோடு உட்கார்ந்திருந்தேன். அத்தான் மைக் முன்னால் வந்து நின்றார். பிறகு சொன்னார். நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"ஆயிட்டும்மா. வீட்டுல படிச்சவ இருக்கா. ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்துவிடுதேன், வீட்டுக்குப் போனா வாயத் தொறக்க கூச்சமா இருக்கும். தப்பா எதும் சொல்லிருவனோன்னு. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சொல்லாம இருக்கா பாத்தியளா, அது நமக்குத் தெரியும்லா."

 நான் தயாரிப்பாளரிடம், "கதைக்கு வெளியே போகிறது சார், இதை எடுத்துவிடலாம்" என்றேன். எழுதியவர் சொல்லும்போது அவர் என்ன செய்வார். மறுபடி பதிவு செய்தார்கள். அத்தான் இரண்டாம் தடவை, "ஆயிட்டும்மா, வரதட்சணையா ரெண்டு கொடம் தண்ணி கேட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் கேசட்டில் இருக்கிறது.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.  அதற்குப் பிறகு வந்த பதினோரு பகுதிகளில் பேச்சிமுத்து எல்லாரைப் பற்றியும் பேசினான்.

பிப்ரவரி 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலை காப்பிக்குப் பிறகு, ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"அத்தான், ஜெபராணிகிட்ட கற்பனன்னு சொன்னது பொய். மேடையில சொன்னதும் பொய். அன்னைக்கு நாப்பத்தொண்ணுல நீங்க பேசினத நாந்தான் எடுக்கச் சொன்னேன். கதைக்கு ஆகாதுன்னு இல்ல. எனக்குத் தாங்க முடியல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்பார் என்று காத்திருந்தேன். எந்த ராகத்தில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தொட்டியின் பக்கத்தில் நின்றார். வெயில் ஏறும் வரை நின்றார்.

பேசியது: இல்லை.

பிப்ரவரி 15, திங்கள்

பேசவில்லை. சாப்பிட்டார்.

பிப்ரவரி 16, செவ்வாய்

ஷமீமா வந்தாள். படம் காட்டினாள், பாட்டுப் பாடினாள், கைதட்டி எண்ணச் சொன்னாள். வாயே திறக்கவில்லை. சமையலறைக்கு வந்து மெல்லக் கேட்டாள்.

"என்ன நடந்துச்சு டீச்சர்? இருந்த ஒரு வார்த்தையும் போச்சே. இது நோவு மாதிரி தெரியல."

"நான்தான் ஒன்று சொன்னேன்."

"என்னன்னு கேட்கல. ஆனா அவங்களுக்குத் திருப்பிப் பேச வாய் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லியிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க."

அவள் போனபிறகு வெகுநேரம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாற்பது வருஷமாக அவர் வாய் திறந்துதான் இருந்தது. அப்போதெல்லாம் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, வியாழன்

காலையில் தெருமுனைக்கு நடந்தோம். அங்கே வால்வுக் குழியைத் திறந்து போட்டுவிட்டு நகராட்சிப் பையன்கள் இருவர் திணறிக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் கையை விட்டுவிட்டுப் போனார். எதிர்ப்பக்கமாகக் கால்சுற்றுத் திருப்பி, பிறகு இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இடது கையால் காற்றில் செய்து காட்டினார். அப்படியே செய்தார்கள். உள்ளே தண்ணீர் இரைந்தது.

என்னைப் பார்த்து "சரி, போலாம்" என்கிற மாதிரி ஒரு "சரி."

வீடு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஜெபராணியை வரச் சொல்லியிருந்தேன். ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்தாள். துணிக்கட்டை அவள் மடியில் வைத்தேன்.

"கரையான்னு சொன்னியளே டீச்சர்!"

"பிரித்துப் பாரம்மா."

பார்த்தாள். பத்துப் பக்கம் புரட்டியதும் அவள் விரல் அடைப்புக்குறிகளின்மேல் நின்று நின்று போனது. பிறகு என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தாள். எழுந்து அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, அந்த வீட்டுக் கொடம் வரிசையில இல்லன்னு சொன்னது நீங்களா?"

"சரி."

"நெசமா நடந்ததா?"

"சரி."  யார் வீட்டுக் குடம் என்று எனக்குத் தெரியும், மேட்டுத் தெரு மரியபுஷ்பம். இன்றும் உயிரோடு இருக்கிறாள்.

எட்டாவது கட்டத்துக்கு ஒன்று இருக்கிறது என்றேன். வெட்டப்பட்டது, நாடா கிடையாது, என் நினைவில்தான் இருக்கிறது. இந்த நோட்டை எடுத்து அவர் எதிரிலேயே வாசித்தேன். "வீட்டுல படிச்சவ இருக்கா" என்ற இடத்தில் அவருடைய உதடும் கூடவே அசையத் தொடங்கியது. சத்தம் இல்லை. சொல்லுக்குச் சொல் அசைந்தது. "வாயத் தொறக்க கூச்சமா இருக்கும்" என்றேன்.

உதடு நின்றது. என் கையைப் பிடித்தார். இல்லை என்பதுபோல தலையை ஆட்டினார்.

"கூச்சம் இல்லையா?"

ஆட்டினார்.

"வெட்கமா?"

ஆட்டினார். ஜெபராணி "சங்கடமா ஐயா?" என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "பயமா அத்தான்?"

ஆமென்று தலையை அசைத்தார். கையை விடவில்லை.

இருபத்து மூன்று வருஷம் அந்தச் சொல்லை நான் மாற்றி வைத்திருந்திருக்கிறேன். நாடாவிலிருந்து வெட்டியது போதாதென்று மனசிலும் திருத்தியிருக்கிறேன். பேனாவை எடுத்து, பிப்ரவரி எட்டாம் தேதிப் பக்கத்தில் அடித்துத் திருத்தினேன். வாயத் தொறக்க பயமா இருக்கும். அவர் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையில் எழுதினாள்.

பிப்ரவரி 28, ஞாயிறு

புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வாசகம் கேட்டு ஜெபராணி போன் செய்தாள். பிரதியும் ஒலிநாடாவும் எதிரெதிர்ப் பக்கத்தில் வருமாம். அடைப்புக்குறிகள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தாளில் எழுதினேன். "தெருத் தண்ணீர். ஆசிரியர்: ப. ஆவுடையப்பன்." அவரிடம் காட்டினேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை நாள் எடுத்துக்கொண்டதை முழுசாகத் திருப்பிக் கொடுக்கிற பெருமை.

எழுத்துக் கூட்டி வாசித்தார். நெற்றி சுருங்கியது. வாய் கோணிக்கொண்டு எதற்கோ முயன்றது. தண்ணீர் வேண்டுமா என்று எழுந்தேன்.

"இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். "என்ன சொன்னிய?"

"இல்ல. இல்ல." தாளைத் தள்ளினார். இடது கை விரலால் தன் பெயருக்குக் கீழே வெற்றுத்தாளைத் தட்டினார். பிறகு என் நெஞ்சில் விரலை வைத்தார்.

"எழுத்துதவி: வடிவு" என்று போட்டேன். "இல்ல." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரதியாக்கம்" என்று போட்டேன். "இல்ல!" தாளைக் கசக்கியே போட்டுவிட்டார். புதுத் தாளில் இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவில் எழுதினேன். எடுத்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஷமீமாவுக்குப் போன் செய்து சொன்னேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மார்ச் 7, ஞாயிறு

ஒரு வாரமாக எதற்கெடுத்தாலும் இல்ல. குளிக்க வாங்க, இல்ல. மாத்திரை, இல்ல. ஷமீமா காட்டுகிற யானைப் படம், இல்ல. புதுச் சட்டை வாங்கிய பிள்ளை போல அதையே மாட்டிக்கொண்டு திரிகிறார். மதியிடம் போனில் சொன்னபோது, "அப்பா யார்கிட்டயும் இல்லன்னு சொல்லி நான் கேட்டதே இல்லியேம்மா" என்றாள். நானும் கேட்டதில்லை.

இன்று காலை காய் நறுக்க உட்கார்ந்துகொண்டு, "ஞாயித்துக்கிழமலா, சொதி வச்சிரட்டுமா?" என்றேன். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தேங்காயைக்கூட உடைத்துவிட்டேன்.

"இல்ல."

"சொதி வேண்டாமா? உடம்புக்கு என்ன செய்யுது?"

"இல்ல." நன்றாகத்தான் இருந்தார். கண்ணில் ஒரு குறும்பு.

"அத்தான், உங்களுக்குச் சொதி பிடிக்காதா?"

"இல்ல."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருஷம், ஞாயிறு தவறாமல், அவருக்காக என்று தேங்காய்ப்பால் பிழிந்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு இஷ்டம்கூட இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாம்பாரா? இல்ல. மோர்க்குழம்பா? இல்ல. கூட்டாஞ்சோறா? இல்ல. பதினோராவதாகச் சொன்னதற்குத்தான் ஆமென்று தலையை ஆட்டினார்.

சாப்பிட்டது: சுண்டைக்காய் வற்றல் போட்ட புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.